அரங்கத்து ஆரோக்கியசாலை

நோய் மனிதனைப் பணிய வைக்கிறது. செல்வத்தாலும் செல்வாக்காலும் தலை நிமிர்ந்து நடந்தவன்கூட மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் இரு கைகளையும் ஏந்திவிடுகிறான். ஒரு கை இறைவனை நோக்கி உயர்கிறது. மற்றொரு கை மருத்துவரை நோக்கி நீள்கிறது. உலகின் பல நாடுகளில் இவ்விரண்டு கைகளையும் ஒரே வாசலில் ஏந்துமாறு இடங்களை அமைத்திருக்கிறார்கள். தொழுமிடமும் மருந்தகமும் ஒன்றையொன்று அடுத்திருந்த அத்தகைய இடங்களுள், நம் தமிழகத்தில் தெளிவான கல்வெட்டுச் சான்றோடு விளங்கும் ஓரிடத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அவ்விடத்தின் வரலாற்றில் முஸ்லிம்களாகிய நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய ஒரு பக்கமும் உண்டு.

பண்டைய கிரேக்கர்கள் எபிதாரஸ் என்னும் ஊரில் மருத்துவத் தெய்வமாகக் கருதிய அஸ்கிலிப்பியஸுக்குப் பெரும் வளாகம் ஒன்றை எழுப்பியிருந்தனர். நோயாளிகள் அங்குள்ள மண்டபங்களில் இரவு தங்கித் துயின்று நலம் வேண்டினர். சப்பான் நாட்டு ஒசாகா நகரில் தோஷோமாச்சி என்னும் மருந்து வணிகர் தெரு இருக்கிறது. அத்தெரு வணிகர்கள் 1780ஆம் ஆண்டில் கியோட்டோ நகரின் ஷிண்டோ ஆலயம் ஒன்றிலிருந்து சுகுனாஹிகோனா என்ற மருத்துவத் தெய்வத்தைக் கொண்டுவந்து, சீனர்கள் மூலிகை மருத்துவத்தின் தந்தையாகப் போற்றும் ஷென்னாங்கோடு சேர்த்து ஆலயம் அமைத்தனர். உலகறிந்த தக்கேடா மருந்து நிறுவனம் அடுத்த ஆண்டில், அதாவது 1781இல், அதே தெருவில் சிறு கடையாகத் தோன்றியதே.

1817இல் வங்காளத்தில் வெடித்த காலரா நோய் கடல் வழியே நாடு நாடாகப் பரவி, 1822இல் சப்பானை அடைந்தது. அப்போது தோஷோமாச்சி வணிகர்கள் புலியின் மண்டையோடு முதலிய சரக்குகளைச் சேர்த்து மாத்திரை உருட்டி, ஆலயத்தில் வேண்டுதல் செய்து, காகிதக் கூழால் செய்த சிறு புலிப் பொம்மையோடு மக்களுக்கு வழங்கினர். அம்மாத்திரை காலராவைத் தீர்க்கும் என்று இன்றைய மருத்துவர் எவரும் ஒப்பமாட்டார். ஆயினும் கொள்ளை நோய்க் காலத்தில் கடையை மூடிவிட்டு ஓடாமல், தம் கையிலிருந்த சரக்கை ஊருக்குக் கொடுக்க முன்வந்தார்களே, அதைத்தான் ஒசாகா மக்கள் மறக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 22, 23 ஆகிய நாட்களில் நடைபெறும் விழாவில் அந்தப் புலிப் பொம்மையை இன்றும் வழங்கி வருகின்றனர்.

மருந்தும் வேண்டுதலும் இவ்வாறு கைகோத்து நின்ற இடம் நம் பக்கத்தில் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். நம் மங்கலம்பேட்டைப் பகுதியினருக்கு உடனே நினைவுக்கு வருவது, சிதம்பரத்தைத் தாண்டிச் சீர்காழிக்கு அப்பால் உள்ள வைத்தீசுவரன் கோயிலாகத்தான் இருக்கும். அங்குள்ள இறைவனுக்கே வைத்தியநாதர் என்று பெயர். திருச்சாந்துருண்டை என்னும் மருந்துருண்டையை அங்கு வழங்குவதும் பலர் அறிந்ததே. ஆனால் மருத்துவமனை ஒன்று கட்டப்பட்டு, சிதைந்து, மீண்டும் எழுந்து, அதன் பின்னரே மருத்துவத் தெய்வத்தின் திருவுருவம் அங்கு வைக்கப்பட்டது என்ற தொடர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலேயே காண வேண்டுமானால், நாம் திருவரங்கத்திற்குத்தான் செல்ல வேண்டும்.

தீவை நோக்கி

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் சென்று தொடர்வண்டி ஏறினால், பெண்ணாடம், அரியலூர், லால்குடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் செல்கின்றன. பெண்ணாடத்திற்குப் பின் வெள்ளாற்றைக் கடக்கிறோம். அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் நிலம் முடிந்ததும் லால்குடியின் நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணைக் குளிர்விக்கின்றன. பிறகு கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பு விரிகிறது. பாலத்தின் மீது வண்டி ஓடும்போதே தென்னை மரங்களுக்கு மேலே கோபுரம் தென்பட்டுவிடுகிறது. வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் அணைத்துக் கிடக்கும் அந்தத் தீவுதான் திருவரங்கம்.

ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட கோயில் அது. அவற்றுள் வெளிச் சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகளாகவும் கடைத்தெருக்களாகவும் விளங்குகின்றன. 236 அடி உயரமுள்ள தெற்கு இராசகோபுரம், பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றிருந்து, 1987ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. மூலவர் சந்நிதிக்குப் பிற சமயத்தார் செல்லும் வழக்கம் இல்லை. அந்த ஒழுங்கை மதித்து நடப்பதே நம் கடமை. வெளித் திருச்சுற்றுகளில் நடந்து, கல்லையும் கல்லெழுத்தையும் பார்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

ஆலிநாடன் திருவீதி என வழங்கும் நான்காம் திருச்சுற்றில் தன்வந்திரி சந்நிதி உள்ளது. இந்துப் பெருமக்கள் தன்வந்திரியை மருத்துவத்தின் தெய்வமாகவும் திருமாலின் ஒரு வடிவமாகவும் கொள்கின்றனர். அவருடைய கைகளில் சங்கும் சக்கரமும் அமுத கலசமும் இருக்கின்றன. மற்றொரு கையில் இருப்பது அட்டை! வயலில் இறங்கும் உழவனின் காலைப் பற்றி இரத்தம் உறிஞ்சும் அதே அட்டைதான்.

தெய்வத்தின் கையில் அட்டை ஏன் வந்தது என்று வியப்புத் தோன்றும். கெட்ட இரத்தத்தை அட்டை விட்டு உறிஞ்சச் செய்து அகற்றுவது பண்டைய மருத்துவத்தின் ஒரு முறை. சுசுருதர் இதை விரிவாக எழுதினார். நம் இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலான அல்கானூனில் அட்டைகளைப் பற்றித் தனியாகவே விளக்கியிருக்கிறார். ஹிஜாமா என்று நாம் அழைக்கும் இரத்தம் குத்தி எடுக்கும் முறையும் இதே எண்ணத்தின் இன்னொரு கிளையே. இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. துண்டான விரலையும் காதையும் மீண்டும் ஒட்டும் நுண் அறுவையில், தேங்கிய இரத்தத்தை அகற்றுவதற்கு அட்டையைப் பயன்படுத்த 2004ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது. ஆக, அந்தச் சந்நிதியில் உள்ள உருவம் வெறும் வழிபாட்டுச் சின்னமாக மட்டும் செதுக்கப்பட்டதன்று. மருத்துவத் தொழிலை அறிந்தவர்களின் சின்னமும் அதில் கலந்திருக்கிறது.

1257: முதல் மருத்துவமனை

கதை 13ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது. திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரைத் தலைமையிடமாகக் கொண்டு போசள மன்னர்கள் இப்பகுதியில் ஆட்சி செலுத்திய காலம் அது. போசள மன்னன் இராமநாதனின் அலுவலரான சிங்கண தண்டநாயக்கர் 1257ஆம் ஆண்டில் திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவினார். ஆரோக்கியசாலை என்பது மருத்துவமனையே. அதை நடத்தும் பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்ற மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரங்கநாதருக்கு மூலிகைக் கஷாயம் படைக்கும் கோயில் வழக்கமும் இந்த மருத்துவக் குடும்பத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. பகலெல்லாம் பலவகை அமுது உண்ட பெருமானுக்குச் செரிமானத்திற்குக் கஷாயம் வேண்டுமாம்! வீட்டிலுள்ள முதியவரைப் பேணும் பரிவு, அந்த வழக்கத்தில் தெரிகிறது.

கோயிலுக்குள் மருத்துவமனை என்பது தமிழகத்திற்குப் புதிதன்று. வாலாசாபாத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் என்னும் ஊரில், வீரராசேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1069ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அங்கிருந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் கூறுவதோடு, வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலர் சாலையைப் பற்றியும் கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள்.

அந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என்று பணியாளர்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இரவில் விளக்கெரிய எண்ணெய்க்கும் ஒதுக்கீடு இருந்தது. இருப்பில் வைத்திருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

விளக்கெண்ணெய்ச் செலவைக்கூட எண்ணிப் பார்த்த அந்தக் கணக்கை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் நோயாளி முனகும்போது எழுந்து சென்று பார்க்க வெளிச்சம் வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அது. இரக்கம் நெஞ்சில் மட்டும் இருந்தால் போதாது. அது நிலமாகவும் நெல்லாகவும் எண்ணெயாகவும் மாறினால்தான் நோயாளியின் படுக்கையை எட்டும். திருவரங்கத்து ஆரோக்கியசாலையும் இந்த மரபில் வந்ததே.

சிதைவும் மீட்பும்

இனி வருவது, நாம் நின்று சிந்திக்க வேண்டிய பக்கம்.

1311ஆம் ஆண்டில் தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூரின் படை தமிழகத்திற்குள் புகுந்தது. 1323இல், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரோடு அரியணை ஏறிய உலூக்கானின் படை வந்தது. திருவரங்கம் தாக்குண்டது. அரங்கநாதரின் உலாத் திருமேனியை எடுத்துக்கொண்டு அடியார்கள் ஊர் ஊராக அலைந்தனர். அத்திருமேனி மீண்டும் திருவரங்கம் வந்து சேர்ந்தது 1371ஆம் ஆண்டில், விசயநகர ஆட்சியின்போதுதான். அந்தக் கொந்தளிப்பில் கோயிலோடு சேர்ந்து ஆரோக்கியசாலையும் சேதமுற்றது.

நெடுங்காலம் கழித்து, சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அடுத்த செய்தியைத் தருகிறது. பழைய கருடவாகன பண்டிதரின் வழியில் வந்த சீனிவாசர் என்ற சீரங்க கருடவாகன பட்டர், முஸ்லிம் படையெடுப்பில் சேதமுற்ற அந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்தார். அத்துடன் தன்வந்திரி எம்பெருமானின் திருவுருவத்தையும் அங்கே எழுந்தருளச் செய்தார். இன்று நாம் காணும் சந்நிதியின் தொடக்கம் இதுவே. மருத்துவமனைதான் முதலில் வந்தது. தெய்வத்தின் உருவம் 236 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது என்பதை இங்குக் கருத வேண்டும்.

1323ஐக் கணக்கில் கொண்டால், சிதைவுக்கும் மீட்புக்கும் இடையே 170 ஆண்டுகள். ஆறேழு தலைமுறைகள்! ஆட்சிகள் மாறின, மொழிகள் மாறின, நாணயங்கள் மாறின. மருத்துவம் செய்வது எம் குடிக்கு இட்ட கடமை என்ற நினைவு மட்டும் ஒரு குடும்பத்தில் அணையாமல் இருந்திருக்கிறது.

இச்செய்தியைப் படிக்கும் முஸ்லிம் வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இதையெல்லாம் நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்கவும் கூடும். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. கல்லில் உள்ளதை இல்லையென்று சொல்வதால் யாருக்கும் பெருமை வராது. போருக்குப் புறப்பட்ட படைக்கு முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரைகளை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது, கனி தரும் மரங்களை வெட்டலாகாது, வழிபாட்டில் ஒதுங்கியிருப்போரைத் துன்புறுத்தலாகாது என்று அவர்கள் கட்டளையிட்டார்கள். அந்த அளவுகோல் நம்மிடம் இருக்கும்போது, அரசு விரிக்கவும் பொருள் திரட்டவும் புறப்பட்ட சுல்தான்களின் படைகளை அதைக் கொண்டே அளக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? நோயாளி படுத்திருக்கும் கூடத்தின் மீது விழுந்த அடி, யார் கையிலிருந்து விழுந்தாலும் அடிதான்.

அதே நேரத்தில் மறுபக்கத்தையும் மறந்துவிடலாகாது. தில்லிப் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழகக் கடற்கரையில் முஸ்லிம்கள் வணிகராக வாழ்ந்து வந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னரின் அமைச்சர் பொறுப்பில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். மாலிக் காபூரின் படையெடுப்பை விவரிக்கும் அமீர் குஸ்ருவே, இங்குள்ள மன்னனின் பக்கம் முஸ்லிம்களும் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஆகவே, அதைத் தமிழக முஸ்லிம்களுக்கும் தமிழக இந்துக்களுக்கும் இடையே நடந்த போராகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

திருவரங்கத்து மக்களும் அப்படி நினைத்து வெறுப்பை வளர்க்கவில்லை. அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அரங்கநாதரின் மீது பேரன்பு கொண்டு தில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் அவள் என்பது மரபுக் கதை. அவளுக்காகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் அங்கே உண்டு. கதையின் உண்மையை ஆராய்வது வரலாற்றாசிரியர்களின் வேலை. படையால் அடிபட்ட ஊர், அந்தப் படையை அனுப்பிய அரண்மனையின் பெண்ணுக்கு ரொட்டி சுட்டுப் படைக்கிறது என்பது கண்முன் நிற்கும் செய்தி. காயத்தை ஆற்றவும் ஒரு மருத்துவம் வேண்டுமல்லவா? அதையும் அவ்வூர் அறிந்திருந்தது.

பள்ளியில் ஒரு கூடாரம்

தொழுமிடத்தின் நிழலில் நோயாளியைப் பேணுவது நமக்கும் அயலான செயலன்று. அகழ்ப்போரில் ஸஃது பின் முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றபோது, அவர்களுக்காக மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டோருக்கு அங்கே மருத்துவம் செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என்று வரலாறு கூறுகிறது. தொழுகை வரிசைகளுக்கு அருகே காயத்திற்குக் கட்டுப் போடும் கூடாரம்! நோய்க்கு மருந்து தேடுமாறு அண்ணலார் ஏவியதையும், மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை என்ற கருத்தில் அவர்கள் அருளியதையும் நாம் அறிவோம். அந்தப் போதனை சொல்லோடு நின்றுவிடாமல் ஒரு கூடாரமாகப் பள்ளியில் எழுந்து நின்றது.

அந்தக் கூடாரம் பிற்காலத்தில் பீமாரிஸ்தான் என்னும் பெரும் மருத்துவமனைகளாக வளர்ந்தது. 1154ஆம் ஆண்டில் சுல்தான் நூருத்தீன் திமிஷ்கில் ஒன்றை எழுப்பினார். பின்னொரு காலத்தில் கலாவூன் என்ற படைத்தலைவர் திமிஷ்கில் கடும் வயிற்று வலியால் துடித்தபோது, அந்த மருத்துவமனையின் மருந்தால் நலம் பெற்றார். தாம் ஆட்சிக்கு வந்தால் இத்தகைய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். சுல்தானானதும், 1284இல் கெய்ரோவில் அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார். காய்ச்சலுக்கும் கண் நோய்க்கும் அறுவைக்கும் தனித்தனிக் கூடங்கள் அமைந்தன. செல்வர், ஏழை, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி மருத்துவம் செய்யப்பட்டது. செலவுக்கு வக்ஃபுச் சொத்துகள் எழுதிவைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்திலேயே கண் மருத்துவமனை ஒன்று எழுந்தது.

ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். திருமுக்கூடல் 1069, திமிஷ்கு 1154, திருவரங்கம் 1257, கெய்ரோ 1284. ஒருவரையொருவர் பார்த்திராத மனிதர்கள், வேறு வேறு முறையில் இறைவனைத் தொழுதவர்கள், ஏறத்தாழ ஒரே காலப் பகுதியில் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். அங்கே வக்ஃபு என்று எழுதினார்கள். இங்கே தேவதானம், அறக்கட்டளை என்று எழுதினார்கள். கல்வெட்டில் நெல்லளவும் வக்ஃபுப் பத்திரத்தில் வாடகை வருவாயும் இருந்தன என்பதே வேறுபாடு.

மருத்துவ அறிவும் இரு கரைகளுக்கிடையே பயணம் செய்தது. பக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்களின் அமைச்சர்களாக விளங்கிய பர்மகீகள், சுசுருதரின் நூலை அரபியில் பெயர்க்கச் செய்தனர். அப்பணியைச் செய்த மங்கா இந்திய மருத்துவர். 850ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ரப்பான் அத்தபரி எழுதிய மருத்துவ நூலில் இந்திய மருத்துவத்திற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அந்தக் கடனை யூனானி மருத்துவமாக அவர்கள் நமக்குத் திருப்பித் தந்தனர். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் 1979இல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சித்த மருத்துவரும் ஹகீமும் ஒரே வளாகத்தில் நாடி பிடிக்கின்றனர்.

மருந்து விலகினால்?

வேண்டுதல் இருந்து, மருந்து விலகிவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்ணீரோடு கண்டிருக்கிறோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராகீம் ஷஹீது அவர்களின் தர்காவுக்கு மனநோயாளிகளைச் சாதி சமய வேறுபாடின்றி அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். அவர்களைத் தங்கவைப்பதற்காகத் தனியார் காப்பகங்கள் அங்கே பெருகின. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன.

அந்த 28 பேரையும் அழைத்து வந்தவர்கள் கொடியவர்கள் அல்லர்; தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும்தாம். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல், இறைநேசரின் வாசலில் கொண்டுவந்து விட்டவர்கள். நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. அந்த வாசலை அடுத்து ஒரு மருத்துவரும், ஒரு மருந்துப் பெட்டியும், சங்கிலியை அவிழ்க்க ஒரு கையும் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அரசு மனநல மருத்துவர்கள் ஏர்வாடிக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு பிறந்தது. துஆவும் தவாவும் என்று அதற்குப் பெயர். துஆ வேண்டுதல், தவா மருந்து. தர்காவுக்கு வருகிறவரைத் தடுக்காமல், வந்த இடத்திலேயே மருந்தையும் கொடுப்பது அதன் நோக்கம். திருவரங்கத்தில் 1257இல் கண்ட ஏற்பாட்டின் சாரமும் இதுதானே!

2021ஆம் ஆண்டு ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டைச் சுழற்றியடித்தபோது, குசராத்தின் வடோதரா நகரில் ஜஹாங்கீர்புரா பள்ளிவாசல் 50 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையமாயிற்று. அதே நகரில் சுவாமிநாராயண் கோயில் வளாகமும் நோயாளிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மூச்சுத் திணறி வந்தவர்கள் எந்த வாசலில் இடம் இருக்கிறது என்று மட்டுமே பார்த்தார்கள். மதீனாவின் கூடாரமும் அரங்கத்தின் ஆரோக்கியசாலையும் நம் காலத்திலும் எழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

மருத்துவக் கடவுள் என்று ஒருவரை வணங்குவது நம் கொள்கையன்று. நோய் தீர்ப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமான். அவரவர் வழிபாடு அவரவர்க்கு உரியது. ஆனால் திருவரங்கத்துக் கல்லெழுத்து நமக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்த ஆரோக்கியசாலையை முதலில் ஓர் அரசு அலுவலர் கட்டினார். இரண்டாம் முறை ஒரு மருத்துவரே கட்டினார். முதலாவதைக் கட்டியவரிடம் அதிகாரம் இருந்தது. இரண்டாமவரிடம் இருந்தது, முன்னோர் விட்டுச் சென்ற கடமை. சிதைந்ததைப் பார்த்து அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சிதைத்தவர்களைத் தேடிப் புறப்படவும் இல்லை. மீண்டும் கூரை போட்டு, மருந்து அரைக்கத் தொடங்கினார்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு முன்னோர் எழுதிவைத்த நிலமும் கடையும் வீடும் இருக்கின்றன. அவற்றின் வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு வாரம் ஒரு நாளேனும் மருத்துவர் ஒருவரை வரவழைத்து, சமயம் பார்க்காமல் ஊர் ஏழைகளுக்கு மருந்து வழங்க முடியாதா? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளந்து பார்க்கக்கூட வழியின்றி எத்தனை தாய்மார்கள் இருக்கிறார்கள்! பேறுகாலத்திற்கு நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல வண்டிச் சத்தத்திற்கே தடுமாறும் குடும்பங்கள் எத்தனை! சந்தனக்கூட்டுக்கும் கொடியேற்றத்திற்கும் செலவிடும் கையால், ஒரு நோயாளியின் இரவு விளக்குக்கான எண்ணெய்க்கும் சிறிது ஒதுக்கினால் போதும். திருமுக்கூடல் கணக்கில் அதுவும் ஒரு வரிதான். ஆனால் அந்த வரி இருந்ததனால்தான் இரவில் அங்கே நோயாளியின் முகம் தெரிந்தது.

திருச்சிராப்பள்ளிக்கு நத்ஹர் வலி அவர்களின் தர்காவை நாடிச் செல்லும் நம்மவர் பலர் உண்டு. அடுத்த முறை செல்லும்போது காவிரியைக் கடந்து அந்தத் தீவுக்கும் ஒரு நடை சென்று வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இங்கே ஒரு மருத்துவமனை இருந்தது, அது போரில் சிதைந்தது, 170 ஆண்டுகள் கழித்து ஒருவர் அதை மீண்டும் கட்டினார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சிதைத்தவர்களின் பெயரை அவர்கள் பள்ளிப் பாடத்தில் படித்துக்கொள்வார்கள். மீண்டும் கட்டியவரின் பெயரை நீங்கள்தாம் சொல்லித்தர வேண்டும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல நாயன் நலம் அருள்வானாக. அவர்களுக்கு மருந்தாக நிற்கும் வாய்ப்பை நமக்கும் அருள்வானாக!